மௌனசாமி ஷிப்டுக்கு எத்தனை மார்க்?

விமானங்களைப் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்குத் தெர்மாமீட்டர் என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேரே சொன்னார்கள், கடைசியில் அவளே போனை எடுத்து "தெர்மாமீட்டர் பேசுறேன்" என்று சொல்லும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டுவிட்டது. வேலை அப்படி. விமானங்களை நிறுத்தி வேலை பார்க்கும் பெரிய கொட்டகையான ஹேங்கரில் இருப்பவர்களிடம் வருஷத்துக்கு ஒரு தடவை கேள்வித்தாளைக் கொடுத்து, பாதுகாப்பைப் பற்றி அவர்கள் மனசில் உண்மையில் என்ன ஓடுகிறது என்று அளந்து சொல்ல வேண்டும்.

ஹெல்மெட் போட்டிருக்கிறார்களா, தீயணைக்கும் உருளை அந்தந்த இடத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சமாசாரம். அதைப் பார்க்க வேறு ஆட்கள் இருந்தார்கள். இவள் அளந்தது கண்ணுக்குத் தெரியாததை. தப்பு செய்துவிட்டால் இங்கே வாயைத் திறக்க முடியுமா? நேரம் நெருக்கினால் ஒரு வேலையைத் தாண்டிப் போகச் சொல்வார்களா? மேலே இருப்பவரிடம் போய் "எனக்கு இது சரியாப் படலை" என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பாரா? ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். பேர் எழுதக் கூடாது. எந்த ஷிப்ட் என்று மட்டும் குறித்தால் போதும்.

இதில் அவளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஹேங்கரின் ஷிப்ட் தலைவர்களில் ஒருவர் அவளுடைய வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் அதே ஹேங்கரில் வயரிங் வேலை பார்த்தவள்தான். ஒரே விமானத்தின் வயிற்றுக்குள் இரண்டு பேரும் தலையை நுழைத்துக்கொண்டு வேலை பார்த்த நாட்களில் பிடித்துப்போயிற்று. அவருக்கும் பட்டப்பெயர் உண்டு. மௌனசாமி. அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம் என்று கேலி செய்வார்கள். யாரையும் திட்ட மாட்டார். குரல் உயராது. கோபம் வந்தால்கூட மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான்.

முதல் வருஷம் சர்வே தொடங்கும் முன்பே அவள் போய்த் தன் மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். சேஃப்டி ஆபீஸின் தலைவியான அந்த அம்மாளை எல்லோரும் பெரியம்மா என்றுதான் சொல்வார்கள். யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. பெரியம்மா யோசித்துவிட்டு, மௌனசாமி ஷிப்டின் தாள்களைத் தானே வாங்கிக்கொள்வதாகவும், அந்த ஆட்களோடு தனித்தனியாகப் பேசுவதையும் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். முடிவு எதுவானாலும் மௌனசாமியிடம் தன் வாயால்தான் போக வேண்டும், அதுவரை வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அவளுக்கு அது ஒரு பாரமாகவே தெரியவில்லை. தன் வீட்டுக்காரர் ஷிப்டுக்குத்தான் மார்க் அள்ளிக்கொண்டு வரும் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. மற்றொரு ஷிப்டின் தலைவர் ஒருவர் இருந்தார், பேர் இடி. வாயைத் திறந்தால் ஹேங்கர் கூரையில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் எழுந்து பறக்கும். அந்த மனிதருக்கு என்ன மார்க் விழப்போகிறதோ என்றுதான் அவள் பரிதாபப்பட்டாள்.

பெரியம்மா வாங்கித் தந்த தாள்களையும் சேர்த்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது கதை தலைகீழாக இருந்தது. "தப்பு நடந்தால் என் மேலதிகாரியிடம் தயங்காமல் சொல்வேன்" என்ற கேள்விக்கு இடியின் ஷிப்ட் நல்ல மார்க் போட்டிருந்தது. மொத்த ஹேங்கரிலும் கடைசியாக நின்றது மௌனசாமி ஷிப்ட். அவள் முதலில் சிரித்துவிட்டாள். தாள்கள் இடம் மாறியிருக்கும் என்று நினைத்து மறுபடி கட்டைப் பிரித்துப் பார்த்தாள். மாறவில்லை.

பெரியம்மா கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். யார் சொன்னது என்பதைச் சொல்ல மாட்டேன், என்ன சொன்னார்கள் என்பதன் சாரத்தை மட்டும் சொல்கிறேன், எப்படியும் அறிக்கையில் வரத்தான் போகிறது என்றார். அந்த ஆட்கள் யாரும் மௌனசாமியைக் குறை சொல்லவில்லை. தங்கமான மனுஷன் என்றுதான் எல்லோரும் ஆரம்பித்தார்களாம்.

"இடி திட்டுவார். திட்டி முடிச்சதும் ஆறிடும், அப்புறம் ரெண்டு பேருமா வேலையைச் சரி பண்ணுவாங்களாம். உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்ல மாட்டாராம். கையில இருக்கிற ஸ்பேனரை மெதுவா வாங்கிக்கிட்டு, அவரே அந்த வேலையைச் செஞ்சு முடிச்சிட்டுப் போயிடுவாராம். பக்கத்துல நிக்கிறவனுக்குப் பூமி பிளந்து உள்ள போயிடலாமான்னு இருக்குமாம்."

அந்தக் காட்சியை அவள் ஹேங்கரில் பார்த்ததில்லை. ஆனால் பார்த்த மாதிரியே இருந்தது.

பெரியம்மா மௌனசாமியைச் சந்திக்க நேரம் குறித்தது அடுத்த வாரத்துக்கு. அதுவரை வீட்டில் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது சாதாரண வேலையாக இல்லை. அதைவிடச் சங்கடம், கண்ணில் இப்போது எல்லாம் வேறு மாதிரி படத் தொடங்கியது. மகள் ஊறுகாய் ஜாடியின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு வருவார், ஜாடியை வாங்குவார், திறப்பார், மேசையில் வைப்பார், திரும்பிப் போவார். ஒரு சொல் கிடையாது. மகள் தன் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தாள். கருப்புக் கையோடு அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் குந்தி உட்கார்ந்து மாட்டி முடித்திருந்தார். மகள் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். நன்றி என்றும் சொல்லவில்லை, கோபமும் படவில்லை. பழகிப்போன முகம்.

இதெல்லாம் உதவி என்றுதான் இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள். உதவிதான். ஆனால் காலேஜுக்குப் போகிற பெண் "அப்பாகிட்ட சொல்லாதேம்மா" என்று எத்தனை விஷயங்களைத் தன் காதில் மட்டும் போட்டிருக்கிறாள் என்று யோசித்தபோது அவளுக்கு உறைத்தது. அப்பா அடிப்பார் என்றா? திட்டுவார் என்றா? இல்லை. வந்து செய்துவிடுவார்.

பெரியம்மாவோடு பேசிவிட்டு வந்த அன்று மௌனசாமி வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல் முகம் கழுவி, வழக்கத்துக்கு மாறாக ஏணியை எடுத்துப் போட்டு வீட்டிலிருந்த எல்லா மின்விசிறிகளையும் துடைத்தார். அவள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் இரண்டு பேருக்கும் விடுமுறை. காலையில் அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவர் மேலே வந்தார். கிளிப்புகள் இருந்த டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அவளிடம் கொடுத்தபடி கேட்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

"சரிதான்." இன்னும் இரண்டு கிளிப் கொடுத்தார். "நான் ஒருத்தனையும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"அதான்."

அவருக்கு அது புரியவில்லை. புரியவில்லை என்பதை அவர் முகத்தில் பார்த்தபோது அவளுக்குப் பாவமாக இருந்தது. அவர் மெல்லப் பேசத் தொடங்கினார். அவள் கேட்டதிலேயே அதிகமாக அன்றுதான் பேசினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருக்கு மேலே ஒரு ஆள் இருந்தாராம். சின்னப் பிசகு என்றாலும் எல்லோரையும் கூப்பிட்டு வட்டமாக நிற்க வைத்து, தப்பு செய்தவனை நடுவில் நிறுத்தி மானத்தை வாங்குவாராம். ஒரு தடவை அந்த ஆள் எறிந்த ஸ்பேனர் காதோரமாகப் போய் விமானத்தின் டயரில் பட்டு விழுந்ததாம். தனக்குக் கீழே நாலு பேர் வரும் நாளில் ஒருவரையும் கூனிக்குறுக வைக்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தாராம். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு, தப்பைத் தானே சரிசெய்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரிப் போய்விடுவது. அது தப்பு செய்தவனுக்குத் தான் காட்டும் மரியாதை என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாராம்.

அவள் கையில் ஈரத் துணியோடு கேட்டுக்கொண்டு நின்றாள். சொட்டுச் சொட்டாகப் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"நீ ஹேங்கர்ல இருந்தா அந்தக் கேள்விக்கு எனக்கு எத்தனை போட்டிருப்பே?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாம். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள் என்று ஊரெல்லாம் கெஞ்சிக் கேட்கிற வேலையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"அஞ்சுக்கு ரெண்டு."

அவர் கிளிப் டப்பாவைக் கீழே வைத்தார். அவள் தொடர்ந்தாள். போன மாசம் அடுப்படியில் கேஸ் வாசம் வந்தது. முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் சொன்னால் ராத்திரி சாப்பாடுகூட இல்லாமல் அடுப்பை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்காருவார், சமையலறைப் பக்கம் யாரும் போக முடியாது, அவளுக்குத் தான் ஏதோ கவனிக்காமல் விட்டுவிட்ட மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி வேறு. ஜன்னலைத் திறந்து வைத்து, சிலிண்டரை மூடி மூடித் திறந்து சமாளித்து, ஏஜென்சி ஆள் வரும் வரைக்கும் இழுத்துவிட்டாள். குழாயில்தான் கசிவு. மாற்றிவிட்டுப் போனான். அவருக்கு இன்று வரை தெரியாது.

"சேஃப்டி ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு நான் செஞ்ச லட்சணம் இது. உங்ககிட்ட பயமில்லைங்க. ஆனா சொல்றதுக்கு முன்னாடியே ஒரு அலுப்பு வந்திடுது."

அவர் விருட்டென்று படியிறங்கத் தொடங்கினார். நாலு படி இறங்கியவர் நின்றார். எங்கே போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"குழாயைப் பாக்கத்தானே போறீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் திருடன் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு அசடு வழிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் தாமதமாக அவருக்கும் வந்தது. அவர் மறுபடி மேலே ஏறிவந்து டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார். படிக்கட்டின் திருப்பத்தில் மகள் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. யாரும் கேட்காமலேயே "அம்மாவுக்கு மூணு" என்று சொல்லிவிட்டுத் தன் துவாலையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள். தனக்குக் குறைந்த அந்த இரண்டு மார்க் எங்கே போயிற்று என்று யோசித்தே தெர்மாமீட்டருக்கு அன்றைய விடுமுறை கழிந்தது.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். நடந்தது வேறு. மௌனசாமி ஷிப்ட் தொடக்கத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, "என்னைப் பத்தி நீங்க சொன்னது எனக்கு வந்துச்சு. நன்றி" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே போய்விட்டார். அவர் மனசார நன்றி சொன்னார். கேட்டவர்கள் பயந்துபோனார்கள். யார் என்ன சொன்னது, அவருக்கு எவ்வளவு தெரியும், யார் தலை உருளப் போகிறது என்று டீ குடிக்கும் இடத்தில் குசுகுசுவென்று பேச்சு. அவரோடு இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுபோயிற்று.

அந்த ஷிப்டின் மெக்கானிக்குகளில் ஒருவன், ஒல்லி என்று பேர், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், தெர்மாமீட்டரின் ஆபீஸுக்கே வந்துவிட்டான். சாருக்கு எங்கள் மேல் கோபமா அக்கா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். யார் என்ன சொன்னார்கள் என்பது அவருக்கும் தெரியாது, தனக்கும் தெரியாது என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அவன் நம்பினானா என்று தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவரிடம், நீங்கள் சொன்ன நன்றி மெமோ கொடுத்த மாதிரி இருந்ததாம் என்று சொன்னாள். அவர் நெடுநேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அவர் பேச்சு எதுவும் பேசப் போகவில்லை. வேறொன்று செய்தார். ஒரு நாள் தான் கையெழுத்துப் போட்ட வேலையில் தானே ஒரு பிசகு செய்திருந்ததைக் கண்டுபிடித்தார். ஒரு மூடியின் திருகாணிகளை மாற்றும்போது பழைய அளவைப் பார்த்து எழுதியிருந்தார். முன்பென்றால் சத்தமில்லாமல் திருத்தியிருப்பார். இந்தத் தடவை ஷிப்ட் தொடக்கத்தில் அதை எடுத்துக்காட்டி, நான் இங்கே கோட்டைவிட்டேன், எப்படி விட்டேன் என்றால் இப்படி, நீங்கள் பார்த்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பீர்களா என்று கேட்டார். பின்வரிசையில் ஒருவன் "சொல்லியிருக்க மாட்டோம் சார்" என்று முணுமுணுத்தான். மௌனசாமி தலையாட்டிவிட்டு, "அதான் எனக்குத் தெரியணும்" என்றார்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக வரத் தொடங்கியது. டார்ச்சின் வெளிச்சம் போதவில்லை. ஏணியின் ஒரு சக்கரம் பூட்டிக்கொள்வதில்லை. இப்படி, யார் மேலும் பழி விழாத சமாசாரங்கள். காலை விட்டு ஆழம் பார்ப்பது மாதிரி.

ஆழத்தில் இறங்கியது ஒல்லிதான்.

தெர்மாமீட்டரின் ஆபீஸ் ஹேங்கருக்குள்ளேயே மாடியில் இருந்தது. கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தால் கீழே விமானங்களின் முதுகும், திறந்த கதவுக்கு அப்பால் வெளியே நிற்கும் விமானங்களும் தெரியும். அன்று முற்பகல், வேலை முடிந்து வெளியே இழுத்து நிறுத்திய விமானத்துக்குப் பயணிகளை ஏற்ற பஸ்கள் வந்துகொண்டிருந்தன. அவள் தற்செயலாக நிமிர்ந்தபோது ஒல்லி கீழே தன் கருவிப் பெட்டி முன்னால் அசையாமல் நிற்பதைப் பார்த்தாள். பேயறைந்த மாதிரி நின்றான். சட்டைப் பையிலிருந்து எடுத்த ஏதோ ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது ஒரு ரப்பர் வளையம் என்பது பிற்பாடு அவன் சொல்லித்தான் தெரிந்தது. இன்ஜினில் எண்ணெய் வடிகட்டியை மாற்றும்போது அதன் மூடியில் பழைய வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். புதியதைப் பையில் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறான். நடுவில் யாரோ கூப்பிட, இறங்கிப் போய்விட்டு வந்து மூடியைப் போட்டுத் திருகியிருக்கிறான். கையெழுத்தும் போட்டாயிற்று. இப்போது புதிய வளையம் கையில் இருக்கிறது என்றால், பழையதோடுதான் மூடி இறங்கியிருக்கிறது.

யாருக்கும் தெரியாது. இன்ஜின் ஓட்டிப் பார்த்தபோது ஒழுகவில்லை. பழைய வளையமே இன்னும் பல நாள் தாங்கினாலும் தாங்கும். அந்த வளையத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. அக்கா, தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்று அவன் பின்னால் அவளிடம் சொன்னான்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் தொட்டியைத் தாண்டி நடந்தான். மௌனசாமி மேசையருகே நின்று எழுதிக்கொண்டிருந்தார். ஒல்லி உள்ளங்கையை நீட்டிக் காட்டினான். அவர் கை தானாக அந்த வளையத்தை வாங்க எழுந்ததை அவள் மாடியிலிருந்து பார்த்தாள். எழுந்த கை பாதியில் நின்றது. பிறகு இரண்டு கைகளையும் அக்குளில் சொருகிக்கொண்டு, குளிரில் நிற்கிறவர் மாதிரி நின்றார்.

"எந்த இன்ஜின்?" என்று மட்டும் கேட்டாராம். இவன் சொன்னான்.

"என்ன செய்யணும்?"

"ஃபிளைட்டை நிறுத்தணும் சார்."

"நிறுத்து."

போனை இவன் பக்கம் தள்ளினாராம். கண்ட்ரோல் அறைக்கு ஒல்லியே பேசினான். அந்தப் பக்கத்தில் இருந்தவர் பயணிகளை ஏற்றும் நேரத்தில் என்னய்யா இது என்று எரிந்து விழுந்தார். மௌனசாமி போனை வாங்கவில்லை. ஆனால் ஒல்லிக்குப் பக்கத்தில் தோளோடு தோள் உரசும்படி வந்து நின்றுகொண்டார். அவன் முழுசாகச் சொல்லி முடித்தான். பஸ்கள் திரும்பிப் போயின.

விமானத்தின் அடியில் ஒல்லி ஏணி போட்டு ஏறி, இன்ஜின் மூடியைத் திறந்து, வடிகட்டியைக் கழற்றினான். பதற்றத்தில் விரல் வழுக்கியது. மௌனசாமி செய்திருந்தால் பாதி நேரத்தில் முடித்திருப்பார் என்பது கீழே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தார், ஒரு தடவை ஏணியின் முதல் படியில் காலை வைத்துவிட்டு எடுத்தார். மேலே நின்றுகொண்டிருந்த தெர்மாமீட்டர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வேலையைச் செய்து அவள் பார்த்ததில்லை. அவர் செய்த வேலை சும்மா நின்றதுதான்.

பழைய வளையம் மூடியில்தான் இருந்தது. ஓரத்தில் நகத்தால் கீறிய மாதிரி ஒரு சின்ன வெடிப்பு. அது தாங்கியிருக்குமா, வானத்தில் வைத்துக் காலை வாரியிருக்குமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. புதியதைப் போட்டு, வேறொருவர் சரிபார்த்து, மறுபடி ஓட்டிப் பார்த்து அனுப்பினார்கள். பயணிகள் முனகிக்கொண்டே ஏறிப் போனார்கள். என்னவோ கோளாறாம் என்பதோடு அவர்களுக்கு விஷயம் முடிந்தது.

கம்பெனிக்கு முடியவில்லை. மேல் மாடியில் கூட்டம் போட்டார்கள். விமானங்களை நேரத்துக்கு அனுப்பும் பொறுப்பில் இருந்த பெரிய அதிகாரிக்கு நல்ல கோபம். இந்தச் சர்வே தொடங்கிய பிறகு தாமதமும் கூடியிருக்கிறது, பிழை என்று பதிவாவதும் கூடியிருக்கிறது, அதிலும் ஒரு ஷிப்டில் இரண்டு மடங்காகியிருக்கிறது, இதுதான் உங்கள் பாதுகாப்பு வளர்ந்த லட்சணமா என்று கேட்டார். அந்த மெக்கானிக்குக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும் என்றார்.

பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தார். நீ சொல் என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

அவள் எழுந்திருக்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள். "தப்பு இப்ப கூடலைங்க. முன்னாடியும் இதே அளவு நடந்திருக்கும். இப்பத்தான் நம்ம காதுக்கு வருது. அந்தக் கடிதத்தைக் கொடுத்தீங்கன்னா நாளையிலிருந்து தாமதம் குறையும், பதிவும் குறையும். அடுத்த வளையம் குப்பைத்தொட்டிக்குப் போகும்."

பிறகு கூட்டத்துக்கு அழைத்திருந்த மௌனசாமியைக் கேட்டார்கள். அவர் வழக்கம்போல் ஒற்றை வரியில் முடித்துக்கொண்டார்: கடிதம் எழுதுவதாக இருந்தால் நடுவில் அவனைக் கூப்பிட்டு வேறு வேலைக்கு அனுப்பியது நான்தான், என் பெயருக்கு எழுதுங்கள். அது உண்மை என்பது தெர்மாமீட்டருக்கே அப்போதுதான் தெரிந்தது. பேச்சு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் கடிதம் யாருக்கும் இல்லை என்றானது. இன்ஜின் வேலையில் இருப்பவரை நடுவில் கூப்பிடக் கூடாது என்று ஒரு விதி மட்டும் எழுதிச் சேர்த்தார்கள். பெரிய அதிகாரிக்கு முழுத் திருப்தி இல்லை. கோப்பை மூடும்போது சத்தமாகவே மூடினார்.

அடுத்த வருஷ சர்வேயில் மௌனசாமி ஷிப்ட் ஒன்றும் முதலிடத்துக்கு வந்துவிடவில்லை. கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். இடிக்கு இன்னும் ஒரு படி கீழேதான். "வேலை குறித்த நேரத்தில் முடிகிறது" என்ற கேள்விக்குப் போன வருஷத்தைவிட மார்க் இறங்கியும் இருந்தது. தகவல் கிடைத்த அன்று மௌனசாமி வீட்டுக்கு வந்து, இறங்கியது ஏன் என்று தனக்குத் தெரியும், மற்றதைப் பற்றிச் சந்தோஷம்தான் என்றார். மகள் அன்று தன் சைக்கிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதோ ஒரு பல் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, இது எந்தப் பக்கம்ப்பா திரும்பணும் என்று உள்ளேயிருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் எட்டிப் பார்த்து, "ரெண்டு பக்கமும் வச்சுப் பாரு" என்று சொன்னார். சொல்லிவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் மாடிக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் சர்வேயில் பெரியம்மா புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார். இதுவரை மெக்கானிக்குகளுக்கும் ஷிப்ட் தலைவர்களுக்கும்தான் கேள்வித்தாள் போயிற்று. இனிமேல் மேல் மாடிக்கும் போகும். அவர்களுக்கும் மேலே ஆட்கள் உண்டு, அவர்களும் எதையாவது சொல்லாமல் விழுங்கிக்கொண்டுதானே இருப்பார்கள் என்பது பெரியம்மாவின் கணக்கு. தாள்களை எடுத்துக்கொண்டு போனது தெர்மாமீட்டர்.

பெரிய அதிகாரியின் அறையில் கார்பெட் காலை உள்ளே இழுத்தது. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்களுக்குமா என்று கேட்டார். ஆமாம் சார் என்றாள். ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக்கொண்டு வந்தவர், தப்பு நடந்தால் மேலதிகாரியிடம் தயங்காமல் சொல்வேன் என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டார். பேனா அந்தரத்தில் நின்றது. மூடியிருந்த கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இது யார் எழுதினதுன்னு நிஜமாவே தெரியாதுல்ல?"

"தெரியாது சார். எனக்கே தெரியாது."

அவர் இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு, பரீட்சை எழுதும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குனிந்தார். தெர்மாமீட்டர் நாகரிகமாகத் திரும்பி ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். ஒரு விமானம் மெதுவாக ஓடுபாதைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.